சமையலறையில் அடித்த மூன்றாவது சிலிண்டர்

அர்த்தனாரியின் லாரி தன் ஆறு சிலிண்டரில் மூன்றாவதை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டு மற்ற ஐந்தோடு நாக்பூருக்குப் போய் வந்துகொண்டிருந்த அந்த ஏழு மாதங்களில், சங்ககிரியில் அவர் வீடு இருந்த வீதியில் தயிர் இரண்டே மணி நேரத்தில் உறைந்தது, மார்கழிக் குளிரிலும் இட்லி மாவு பாத்திரத்தை மீறிப் பொங்கியது, டிரைவர்களைக் கட்டிக்கொண்ட பெண்கள் பகல் வேலையை முடித்ததும் டிவியை அணைத்துவிட்டு அவர் வீட்டுச் சமையலறையில் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். சிலிண்டர் என்றதும் கேஸ் சிலிண்டரை நினைத்துக்கொள்ளாதீர்கள். நான் சொல்வது எஞ்சினுக்குள்ளே பிஸ்டன் ஏறி இறங்கி டீசல் வெடிக்கிற குழி. அது எப்படி வண்டியை விட்டுவிட்டு வீட்டில் தங்கும் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. தங்கியது, அவ்வளவுதான்.

என் பெயர் ஜபருல்லா. லாரிப்பேட்டையில் பெட்ரோல் பங்க்கைத் தாண்டி இரண்டாவது ஷெட் என்னுடையது. இருபத்தெட்டு வருஷமாக டீசல் பம்ப்பும், டீசல் எந்த நொடியில் வெடிக்க வேண்டும் என்கிற டைமிங்கும் பார்க்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஷெட்டுக்குப் பின்னாலேயே ஓர் அறையில் குடியிருக்கிறேன், பேச்சுத் துணைக்கு ஒரு ரேடியோ. நீண்ட ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சின் மேல் வைத்துப் பிடியைக் காதில் வைத்தேன் என்றால் உள்ளே எந்த வால்வு தேய்ந்திருக்கிறது, டீசலைத் தூவுகிற எந்த நாசில் ஒழுகுகிறது என்று சொல்லிவிடுவேன். பேட்டையில் என்னைக் கேட்டுவிட்டுத்தான் மற்றவர்கள் எஞ்சினைப் பிரிப்பார்கள். கர்வம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், அந்தக் கர்வத்தை வைத்துத்தான் இவ்வளவு காலம் தனியாக இருந்தேன்.

அர்த்தனாரி சொந்த லாரியைத் தானே ஓட்டுகிறவர். ஐம்பத்தாறு வயது. அவரைப் போலவே பழைய லாரி. இங்கே இருந்து ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு நாக்பூர் போவார், அங்கே கிடைக்கிற லோடு ஏற்றிக்கொண்டு வருவார், கிளீனர்கூட இல்லாமல் ஒற்றை ஆளாய்ப் பதினெட்டு நாள், இருபது நாள். ஒரு புரட்டாசியில் அப்படிப் போய்த் திரும்பி நேராக என் ஷெட்டுக்கு வந்தார்.

"மிஸ்ஸிங் அடிக்குதுங்க பாய். ஸ்டேரிங் புடிச்ச கை ரெண்டும் நடுங்குது" என்றார்.

நான் ஸ்டார்ட் செய்து பார்த்தேன். சும்மா நிற்கும்போதே வண்டி மொத்தமும் குலுங்கியது, சைலன்சரில் வெள்ளைப் புகை. எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிக்க எங்கள் தொழிலில் ஒரு வழி இருக்கிறது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பம்ப்பிலிருந்து நாசிலுக்குப் போகிற ஆறு டீசல் பைப்புகளின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்த வேண்டும். நல்ல சிலிண்டருடைய நட்டைத் தளர்த்தினால் எஞ்சின் சத்தம் மாறும், திணறும். செத்த சிலிண்டருடையதைத் தளர்த்தினால் ஒன்றுமே ஆகாது. அன்றைக்கு மூன்றாவது நட்டைத் தளர்த்தினேன், ஒன்றுமே ஆகவில்லை.

சரி, அகப்பட்டது என்று கிளம்பினேன். நாசிலைக் கழற்றி டெஸ்ட்டரில் போட்டேன், டீசல் பனியாகத் தூவியது. புது நாசில் போட்டேன். வால்வைத் திறக்கிற டேப்பட்டின் இடைவெளியைச் சரி செய்தேன். உள்ளே காற்று இறுகுகிற கம்ப்ரஷனைப் பார்த்தேன், குறையே இல்லை. பம்ப்பை இறக்கி டெஸ்ட் பெஞ்சில் வைத்து ஆறு பாதையிலும் ஒரே அளவு டீசல் வருகிறதா என்று இரண்டு தடவை பார்த்தேன், வந்தது. டைமிங் கியரில் பல் மாறியிருக்குமோ என்று முன்பக்கத்தைத் திறந்தேன், குறிக்கு எதிரே குறி இருந்தது. எல்லாம் சரி, மூன்றாவது மட்டும் அடிக்கவில்லை. நான்காம் நாள் மறுபடி நாசிலைக் கழற்றி ஓட்டைக்குள் டார்ச் அடித்தபோது பிஸ்டன் தலைமேல் ஏதோ ஒரு புள்ளி தெரிந்தது. கம்பி நுனியில் கிரீஸ் தடவி உள்ளே விட்டு ஒட்டி எடுத்தேன். கடுகு. வெடிக்காத, கருகாத, முழுக் கடுகு. மூக்கை வைத்தால் அந்த ஓட்டையிலிருந்து டீசல் வாசமே வரவில்லை, தாளித்த வாசம் வந்தது. பசி மயக்கமாக இருக்கும் என்று நினைத்துச் சாப்பிடப் போனேன்.

மறுநாள் காலை அர்த்தனாரியின் மனைவி மயிலாத்தாள் ஷெட்டுக்கு வந்தார். அவர் வந்து நான் பார்த்ததே இல்லை.

"பாய், ஒண்ணு சொன்னாச் சிரிக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்கக்கா."

"எங்க ஊட்டுச் சமையக்கட்டுல ஒரு சத்தம் கேக்குதுங்க. கிரைண்டருக்கும் சன்னலுக்கும் நடுவால, இடுப்பு ஒசரத்துல, சும்மா காத்துல. போன லோடுக்கு அவரு கெளம்புன அன்னைக்கு ஆரம்பிச்சுது. அவரு வந்து வண்டிய நிறுத்துனதும் நின்னுபோச்சுங்க. இப்ப நீங்க எப்பெல்லாம் எஞ்சின உட்டுப் பாக்கறீங்களோ அப்பெல்லாம் அடிக்குதுங்க. நீங்க நிறுத்துனா நிக்குது."

நான் சிரிக்கவில்லை. கடுகைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில்தான் வைத்திருந்தேன்.

அவரை வீட்டுக்குப் போய்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கச் சொன்னேன். பதினொரு மணிக்கு முதல் நட்டைத் தளர்த்தி இறுக்கினேன், பதினொன்று ஐந்துக்கு இரண்டாவது, பத்துக்கு மூன்றாவது, இப்படியே ஆறும். அரை மணி கழித்து அவர் வந்து, "பதினொண்ணு பத்துக்கு மட்டும் நின்னு மறுபடி அடிச்சுதுங்க" என்றார். ஆக, சிலிண்டர் சாகவில்லை. இடம் மாறி அடிக்கிறது. அதைத் தெரிந்துகொண்டதும் எனக்குக் கொஞ்சம் நிம்மதி வந்தது, எவனுக்கும் வராத கோளாறு என் கைக்கு வந்திருக்கிறதே என்று கொஞ்சம் பெருமையும் வந்தது.

அவர் வீட்டுக்குப் போனதும் டைமிங்கைக் கொஞ்சம் மாற்றிப் பார்க்கலாம் என்று பம்ப்பின் போல்ட்டுகளைத் தளர்த்தி, பம்ப்பையே எஞ்சின் பக்கமாக ஒரு நகக்கண் அளவு திருப்பினேன். இரண்டாவது நகக்கண்ணில் எஞ்சின் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆறாவது குரலையும் சேர்த்துக்கொண்டது. குலுக்கல் நின்றது, புகை நின்றது. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டேன். பத்து நிமிஷம் ஆகியிருக்காது, மயிலாத்தாள் வேகமாக நடந்து வந்தார். உச்சி வெயில், காலில் செருப்பில்லை.

"நின்னுபோச்சுங்க பாய்" என்றார்.

"சரியாயிருச்சுன்னு அர்த்தம்கா."

அவர் லாரியையே பார்த்தார். பிறகு, "பழையபடி வெச்சிருங்க" என்றார்.

"அக்கா, வண்டி அஞ்சு சிலிண்டர்ல ஓடுனா இழுக்காது, லோடு ஏத்துனா..."

"இருபத்தாறு வருசமாச்சுங்க கட்டிக்கிட்டு. வருசத்துக்கு நாப்பது நாள் ஊட்டுல இருப்பாரு, அதுலயும் பாதி தூங்குவாரு. போன் பண்ணுனா ரெண்டு வார்த்த. புள்ளையும் இல்ல. இந்தப் பதினெட்டு நாளா அது அடிச்சுக்கிட்டே கெடந்துச்சுங்க பாய். நான் ஒரு ஆள்கூட பேசற மாதிரி பேசிக்கிட்டே சமைச்சேன். பழையபடி வெச்சிருங்க, அவருகிட்ட சொல்லாதீங்க."

இருபத்தெட்டு வருஷத்தில் ஓடுகிற எஞ்சினை நானே கெடுத்தது அன்றைக்குத்தான். சரியான இடத்தில் ஒரு குறி போட்டுவிட்டு, பம்ப்பைப் பழைய இடத்துக்குத் திருப்பி இறுக்கினேன். வண்டி மறுபடி குலுங்க ஆரம்பித்தது. மாலையில் அர்த்தனாரியிடம், "அண்ணே, இது என் கைக்கு வசப்படல. இப்படியே ஓட்டுங்க" என்றேன். எனக்கு நாக்கு எரிந்தது. அவர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல், சரிங்க பாய் என்று சாவியை வாங்கிக்கொண்டு போனார். அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். தன் வண்டி சரியாகவில்லை என்று கேட்டுவிட்டு அவ்வளவு சாதுவாகப் போகிற லாரிக்காரனை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

பேட்டையில் நாலு பேர், ஜபருல்லாவுக்குக் காது மந்தமாகிவிட்டது என்று கிண்டல் செய்தார்கள். பொறுத்துக்கொண்டேன்.

விஷயம் வீதிக்குத் தெரிய ஒரு வாரம் ஆனது. முதலில் கண்டுபிடித்தது பக்கத்து வீட்டுச் சம்பூரணம். அவர் கணவரும் லாரி டிரைவர், வடக்கே அசாம் வரைக்கும் போகிறவர். சம்பூரணம் உறைமோர் வாங்க வந்தவர், சமையலறையில் அந்த இடத்தைக் கடந்தபோது வயிற்றில் வெதுவெதுப்பாகப் பட்டதும் நின்று, கையை நீட்டிப் பார்த்து, "இதென்னக்கா, இங்க அடிக்குது?" என்று கேட்டார். மயிலாத்தாள், "அவரு வண்டியோட மூணாவது சிலிண்டர்" என்றார். சம்பூரணம், "ஓ" என்று சொல்லிவிட்டு மோரை வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் பால் பாத்திரத்தோடு வந்தார். குளிர் காலத்தில் தயிர் உறைய வைக்க அதைவிடத் தோதான இடம் வீதியில் வேறு இல்லை.

அப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள். ஸ்டூல் போட்டு அதன்மேல் மாவுப் பாத்திரம் வைத்தார்கள், ஈரமான பள்ளிக்கூடச் சட்டையைக் கொடியில் போட்டு நடுவே இழுத்துவிட்டார்கள். லேசாக டீசல் நெடி இருந்தது, சாம்பிராணி போட்டார்கள். மின்வாரியத்திலிருந்து ரீடிங் எடுக்க வந்தவர் சத்தத்தைக் கேட்டுத் திருட்டு மோட்டார் என்று சந்தேகப்பட்டு, மீட்டர் சுற்றாததைப் பார்த்துக் குழம்பி, கடைசியில் மயிலாத்தாள் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, நோட்டில் ஒன்றும் எழுதாமல் போனார். பக்தி முற்றிய ஒருவர் அங்கே மாலை போட வேண்டும் என்றார். மாட்ட ஆணி இல்லாததால் அந்த எண்ணம் அதோடு போனது. ஜவ்வரிசி ஆலைக்காரர் லோடு எங்கே போகிறது என்று அர்த்தனாரிக்குப் போன் செய்வதை விட்டுவிட்டு மயிலாத்தாளுக்குச் செய்தார்.

ஏனென்றால் பெண்கள் அதைப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். வண்டி நின்றபடி ஓடினால் நொடிக்கு ஐந்து அடி, எண்ணிவிடலாம். சமதளத்தில் போனால் எண்ண முடியாமல் ஒரே ரீங்காரம். அடி பெருத்து மெதுவானால் மலை. நின்று நின்று அடித்தால் செக்போஸ்ட். முழுதாக நின்றால் சாப்பாடு அல்லது தூக்கம். சம்பூரணம் கண்ணை மூடிக்கொண்டு, "ஹைதராபாத் தாண்டிட்டாரு, ரோடு நல்லாருக்குது" என்பார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அவரவர் கணவர் எங்கே போகிறார் என்று யாருக்கும் தெரியாது. அர்த்தனாரி போவதைக் கேட்டுக்கொண்டு தன் ஆளும் இப்படித்தான் எங்கேயோ போய்க்கொண்டிருப்பான் என்று நினைத்துக்கொள்வார்கள். வெங்காயம் உரித்தபடியே சிலர் அழுவதும் உண்டு, வெங்காயம் இருந்ததால் யாரும் கேட்கவில்லை.

அவர்கள் வருவதெல்லாம் மதியத்துக்கு மேல்தான். காலையில் மயிலாத்தாள் தனியாக இருப்பார். அப்போது பேசுவார். என்ன பேசினார் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

அர்த்தனாரி இதையெல்லாம் அறியாதவர் அல்ல. வீட்டுக்கு வரும்போது வீதியே அவரிடம் சொன்னது. "ம்" என்றார். தன் சமையலறையில் ஸ்டூலையும் அடுத்தவர்கள் பாத்திரத்தையும் பார்த்துவிட்டு அதற்கும் "ம்" என்றுதான் சொன்னார். மூன்று நாள் இருப்பார், தூங்குவார், லோடு ஏற்றுவார், போய்விடுவார். அவர் வீட்டில் இருக்கும் நாட்களில் மட்டும் அந்த இடம் சும்மா இருக்கும், மயிலாத்தாளும் பேச மாட்டார். ஆள் வந்தால் வீடு அமைதியாகிவிடுவதும், ஆள் கிளம்பியதும் வீட்டில் ஆள் இருப்பது மாதிரி ஆகிவிடுவதும் யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை.

பங்குனியில் ஒரு நாள் காலை, பதினொன்றரை மணி இருக்கும், அடி பெருத்து மெதுவாகியது. ஹைதராபாத்துக்கு வடக்கே நிர்மல் ஊரைத் தாண்டி வரும் மலைப்பாதை என்று மயிலாத்தாளுக்குத் தெரியும், பலமுறை கேட்டதுதான். ஆனால் இந்தத் தடவை அது மெதுவாகிக்கொண்டே போனது. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு மூச்சு விடலாம் போல ஆனது. பிறகு நின்றது. சாப்பாட்டுக்கு நிற்கிற நிற்றல் இல்லை, திணறி நின்ற நிற்றல். மயிலாத்தாள் சுவருக்கு மேல் எட்டிச் சம்பூரணத்தைக் கூப்பிட்டார். கூப்பிட்ட குரலில் ஏழெட்டுப் பேர் ஓடி வந்தார்கள். போன் போட்டார்கள், தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்றது. ஸ்டூலைச் சுற்றி நின்றார்கள். வெதுவெதுப்பு குறைந்து அந்த இடம் மற்ற இடங்களைப் போல ஆனது. மயிலாத்தாள் கையை அங்கேயே நீட்டி வைத்திருந்தார், நாற்பது நிமிஷம் அந்தக் கையை எடுக்கவில்லை. பிறகு ஓர் அடி விழுந்தது. பிறகு இன்னொன்று. சம்பூரணம்தான் சத்தம் போட்டு அழுதார். மயிலாத்தாள் தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொன்னார்.

மறுநாள் ஷெட்டுக்கு வந்தார். இந்தத் தடவை செருப்புப் போட்டிருந்தார்.

"அஞ்சு சிலிண்டர்ல மலை ஏறாதுங்களா பாய்?"

"ஏறும்கா. முக்கி முக்கி ஏறும்."

"அப்பச் சரி பண்ணிப்போடுங்க."

"சத்தம் போயிருமேக்கா."

"போகட்டுமுங்க. சத்தம் இருந்து ஆளு இல்லாமப் போனா என்னத்துக்கு?" என்றார். வாசல் வரை போய்த் திரும்பி நின்றார். "நேத்து அந்த நாப்பது நிமிசம் நான் மட்டுந்தான் பாய் ஊட்டுல இருந்தேன். அத்தன பேரு நின்னாங்க, இருந்தாலும் நான் மட்டுந்தான் இருந்தேன்."



ஒன்பதாம் நாள் அர்த்தனாரி வந்தார். வண்டியின் பின்கதவு நசுங்கியிருந்தது. மலையில் எஞ்சின் நின்று, லோடோடு பின்னால் உருண்டு, ரோட்டோரச் சிமெண்ட் கட்டையில் முட்டி நின்றிருக்கிறது. கட்டைக்கு அந்தப் பக்கம் பள்ளம். ஷெட்டில் டயர்மேல் உட்கார்ந்து டீயைக் குடித்து முடித்தார். அப்புறம், "பாய், எஞ்சின்ல இனிமே கை வெக்காதீங்க. இப்படியே இருக்கட்டும்" என்றார்.

நான் அவரை முறைத்தேன். "அண்ணே, செத்துப் பொழச்சு வந்திருக்கீங்க."

"அது எஞ்சின் தப்பில்லீங்க. என்ற தப்பு. கியரக் கொறைக்காம உட்டுட்டேன்."

முப்பது வருஷம் ஓட்டியவர் மலையில் கியரைக் குறைக்க மறப்பதா?  அவரே சொன்னார்.

"அவ பேசறது கேக்குமுங்க பாய். அந்த மூணாவது அடிக்காத எடவெளி இருக்குதில்லீங்க, அதுல. மொதல் லோடுலயே தெரிஞ்சுபோச்சு. சமதரைல வேகமாப் போனா ஒண்ணும் புரியாது. எஞ்சின் எவ்வளவு மெதுவாச் சுத்துதோ அவ்வளவு தெளிவாக் கேக்கும். கேபினுக்குள்ள எஞ்சின் மூடி மேல சாஞ்சு காத வெச்சுக்குவேன். பருப்பு வேகல, சம்பூரணம் தயிரு புளிச்சுப்போச்சு, எல்லாந்தான். இருபத்தாறு வருசத்துல அவ எங்கிட்ட இத்தன பேசுனதில்லீங்க. கியரக் கொறச்சா எஞ்சின் வேகமாச் சுத்தும், பேச்சு அந்து போயிரும். அதனால மலைன்னா பெரிய கியர்லயே இழுத்து ஏத்துவேன்."

டீ கிளாசைக் கீழே வைத்தார்.

"எங்களுக்கு ஒரு கொழந்த பொறந்துச்சுங்க. பொறந்த அன்னைக்கே போயிருச்சு. நான் அப்ப ஜபல்பூர்ல. வந்து சேர பதினோரு நாளாச்சு. அவளும் ஒண்ணும் சொல்லல, நானும் கேக்கல. அப்படியே உட்டுப்போச்சு. அன்னைக்கு மலைல அதப் பத்திப் பேசிட்டிருந்தா. கொழந்த பொறந்து போன அதே நாளுதான் அது. பேரு வெச்சிருக்கறா பாய். இத்தன வருசமா அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டுட்டு இருந்திருக்கறா. வளர்மதின்னு. அது காதுல உழுந்ததும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

நான் எழுந்துபோய் லாரியை ஸ்டார்ட் செய்தேன். கேபினில் ஏறி எஞ்சின் மூடியில் காதை வைத்தேன். ஸ்க்ரூடிரைவர் இல்லை, வெறும் காது. குலுக்கலுக்கு நடுவே, ஐந்து அடி விழுந்து ஆறாவதின் இடம் காலியாகும் ஒவ்வொரு தடவையும், துண்டு துண்டாக, ஒரு பெண் குரல் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தது: வந்துட்டாராட்டம் இருக்குது, குளிக்கத் தண்ணி வெக்கோணும், வாழக்கா இருக்குது, அது ஆகாதும்பாரு. நான்கு நாள் அந்த எஞ்சினைக் காதால் குடைந்தவன் நான். கோளாறைத் தேடிக்கொண்டிருந்ததால் அதை மட்டும் கேட்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. இறங்கி வந்து, "சரி பண்ணச் சொன்னது அக்காதான்" என்றேன்.

"அவளா?"

"உங்க உசிரு இருந்தாப் போதும்னாங்க."

 "நேருல உக்காந்தா அவளும் பேச மாட்டா, எனக்கும் வாய் வராதுங்க பாய். எங்களுக்குப் பழக்கமில்ல" என்றார். பிறகு கையைத் தட்டிவிட்டு எழுந்தார். "பண்ணுங்க."

ஏழு மாத ஓட்டத்தில் பம்ப்பில் நான் போட்ட குறி அழிந்திருந்தது. போன தடவை மாதிரி என் காதை வைத்தே கண்டுபிடித்திருக்கலாம்; இருந்தாலும், எந்த நகக்கண்ணில் அங்கே நிற்கிறது என்று வீட்டிலிருந்து யாராவது சொன்னால்தான் முடியும் என்று அர்த்தனாரியிடம் சொன்னேன். மயிலாத்தாளுக்குப் போன் போட்டு, சமையலறையில் நின்று சொல்லச் சொல்லி, என் இரண்டு கையும் வேண்டும் என்பதால் போனை ஸ்பீக்கரில் போட்டு எஞ்சின் மூடிமேல் வைத்தேன். யோசிக்காமல் வைத்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்பலாம். நான் நம்ப மாட்டேன்.

"நல்லா அடிக்குதுங்க" என்றது போன்.

நல்லா அடிக்குதுங்க என்றது எஞ்சின், துண்டு துண்டாக.

 பிறகு, "பாய், அதென்னங்க? என்ற கொரலு அங்க கேக்குது" என்றார். அதையும் எஞ்சின் ஒருமுறை சொன்னது.

நான் ஸ்பானரோடு நின்றேன். அர்த்தனாரி போனுக்குக் குனிந்து, "நாந்தான் மயிலா. பக்கத்துல நிக்கறேன்" என்றார்.

"எப்பத்துல இருந்து கேக்குதுங்க?"

"மொதல் லோடுல இருந்து."

"எல்லாமுங்களா?"

"எல்லாமே."

மயிலாத்தாள், தான் என்னென்ன பேசினோம் என்று ஏழு மாதத்தையும் ஒருமுறை மனதில் ஓட்டிப் பார்த்திருப்பார். அவ்வளவு நேரம் ஆனது. ஐந்து அடி, ஒரு காலி. ஐந்து அடி, ஒரு காலி. அந்தக் காலியில் அவர் மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது.

"அந்தப் பேருமா?"

அர்த்தனாரி தலையாட்டினார். தலையாட்டினால் போனில் தெரியாது என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "ஆமா" என்றார்.

"திருப்புங்க பாய்" என்றார் மயிலாத்தாள்.

ஒரு நகக்கண் திருப்பினேன். "கம்மியாகுதுங்க" என்றார். எஞ்சினும் மெல்லிய குரலில் சொன்னது. இன்னொரு நகக்கண். "இப்ப இல்லீங்க" என்றார். அதை எஞ்சின் சொல்லவில்லை. போல்ட்டுகளை இறுக்கினேன். ஆறு சிலிண்டரும் ஒரே கோர்வையாக அடித்தன.

அதன் பிறகு அந்த லாரி எத்தனையோ மலை ஏறியது, ஒரு தடவைகூட எங்கும் நிற்கவில்லை. பெண்கள் ஒவ்வொருவராகப் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு போனார்கள். சம்பூரணம் மட்டும் பால் பாத்திரத்தோடு இன்னும் கொஞ்ச நாள் வந்தார், தயிர் உறையாது என்று தெரிந்தும். மயிலாத்தாள் ஸ்டூலை ஓரமாக நகர்த்திவிட்டாலும் அந்த இடத்தைச் சுற்றியே நடந்தார் என்று கேள்விப்பட்டேன். அதெல்லாம் பிறகு.

அன்றைக்கு நான் ஸ்பானரைக் கீழே வைத்தபோது போன் இன்னும் அணையவில்லை. இருவரில் யாரும் அணைக்கவில்லை. அர்த்தனாரி எஞ்சினைக் கேட்டுக்கொண்டு நின்றார். அவ்வளவு சுத்தமாக ஓடிய எஞ்சினை என் கை அதுவரை செய்ததில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் யாரோ அவரைப் பாலைவனத்தில் இறக்கிவிட்டது போல இருந்தது. பிறகு போனை எடுத்து வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். உதடு அசைந்தது. ஆறு சிலிண்டர் சத்தத்தில் அவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை, அவருக்கே கேட்டிருக்காது. "என்னங்க? என்னங்க சொல்றீங்க?" என்று போன் கேட்டுக்கொண்டே இருந்தது.

நான் கேபினில் ஏறி எஞ்சினை நிறுத்தினேன். அவர் மறுபடியும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.